நோய் திரும்பி வந்த வீட்டில்



நம் வீடுகளில் சில வியாதிகளின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சர்க்கரையைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகூடப் பேசுவோம். புற்றுநோய் என்று வந்துவிட்டால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். "அந்த வியாதி" என்போம். "அவருக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்போம். தோட்டத்து லயத்திலும் இப்படித்தான். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீட்டிலும் இப்படித்தான்.

முதல் தடவை அந்த நோய் வரும்போது பயம் பெரிது. ஆனாலும் துணையும் பெரிது. உறவினர்கள் ஓடி வருகிறார்கள். ஒருவர் சூப் வைத்துக் கொண்டுவருகிறார். ஒருவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருகிறார். கிறிஸ்தவக் குடும்பமானால் சபையார் வீட்டுக்கே வந்து முழங்காலில் நின்று ஜெபிக்கிறார்கள். அறுவை நடக்கிறது, கீமோ மருந்து ஏறுகிறது, உதிர்ந்த முடி மறுபடியும் முளைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நன்றிக் காணிக்கை செலுத்திச் சாட்சி சொல்கிறார்கள். கேட்டவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு வருஷமோ ஐந்து வருஷமோ கழிகிறது. வழக்கமான பரிசோதனைக்குப் போனவரிடம் டாக்டர் படத்தைக் காட்டி, "மறுபடியும் வந்திருக்கிறது" என்கிறார்.

இந்த இரண்டாவது செய்தி முதல் செய்தியைப் போன்றதல்ல. இதைக் கேட்டு வீடு திரும்புகிறவருக்கு, நோயின் பயத்தோடு வேறொரு பாரமும் சேர்ந்துகொள்கிறது. 'சுகமாகிவிட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேனே, இனி எந்த முகத்தோடு ஆலயத்துக்குப் போவேன்? என் ஜெபம் போதவில்லையா? என் விசுவாசத்தில் குறையா?' இந்தக் கேள்விகளுக்குக் கீமோவில் மருந்தில்லை. இம்முறை அந்தப் பாரத்தைப் பற்றித்தான் உங்களோடு மனம்விட்டுப் பேசப் போகிறேன்.

ஆலயமும் ஆஸ்பத்திரியும்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவை அறியாத தமிழர் யார்? பூக்கடையும் மளிகைக் கடையும் தேக்கா சந்தையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வட்டாரத்துக்கு வேறொரு முகமும் உண்டு. ஒரு பக்கத்தில், புக்கிட் தீமா ரோட்டில், கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாய் மொழியில் எருமைக் கொட்டில். அந்தப் பெயரிலேயே பிரசவ ஆஸ்பத்திரியாகப் புகழ்பெற்று, 1966ஆம் ஆண்டில் உலகிலேயே மிக அதிகமான குழந்தைகள் பிறந்த இடமாக விளங்கியது அது. இன்றைய கட்டடத்துக்கு 1997இல் மாறியது. பிறப்புக்குப் பேர்போன அந்த இடத்தில்தான் கர்ப்பப்பை, சினைப்பை, மார்பகப் புற்றுநோய்களுக்கும் பெண்கள் சிகிச்சை பெறுகிறார்கள். மறுபக்கத்தில், சிராங்கூன் ரோட்டின் வடக்கே சற்றுத் தள்ளி, 1844இல் அடிக்கல் நாட்டப்பட்ட டான் டோக் செங் மருத்துவமனை.

இவ்விரண்டுக்கும் அக்கம்பக்கத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஆலயங்கள் நிற்கின்றன. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை. டோர்செட் ரோட்டில் தமிழ் ஆங்கிலிக்கன் சபையார் கூடும் கிறைஸ்ட் சர்ச். ஓப்பீர் ரோட்டில் லூர்து மாதா ஆலயம். இந்தக் கடைசி ஆலயத்துக்கு 1886இல் அடிக்கல் நாட்டி, 1888இல் திறந்தார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று சிங்கப்பூரில் முதலில் எழுந்த ஆலயம் இது. பிரான்ஸ் தேசத்து லூர்து நகரப் பேராலயத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது. 2005இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே இங்கே வாழும் நோயாளிக்கு டாக்டரும் பக்கத்தில்தான். கடவுளின் சந்நிதியும் பக்கத்தில்தான். காலையில் மருந்து ஏற்றிக்கொண்டு, மாலையில் மெழுகுவத்தி ஏற்றி வைக்கலாம். இரண்டுக்கும் நடுவே நோயாளி ஏன் கூனிக் குறுகி நடக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

ஏன் திரும்பி வருகிறது?

முதலில் உடம்பின் கதையைத் தெரிந்துகொள்வோம். தெரியாத இடத்தில்தான் பழி முளைக்கும்.

புற்று என்பது நம் உடம்பின் சொந்த அணுக்களே கட்டுமீறிப் பெருகுவது. அது வெளியிலிருந்து வரும் கிருமி அல்ல. கட்டியை அறுத்தெடுத்தாலும், மருந்தாலும் கதிர்வீச்சாலும் அழித்தாலும், எந்தப் படத்திலும் தெரியாத சில அணுக்கள் எங்கேனும் ஒளிந்திருக்கக்கூடும். அவை மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் உறங்கிக் கிடந்து பிறகு விழிக்கின்றன. மார்பகப் புற்றுநோயில் ஒருவகை, பத்து வருஷத்துக்குப் பிறகும் தலைகாட்டுவது உண்டு. வயலில் களை பிடுங்கியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பிடுங்கியவர் சோம்பேறி என்று அர்த்தமா? மண்ணுக்குள் போன வேர்த்துண்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

திரும்பி வரும் நோய் பழைய இடத்திலேயே வரலாம், அருகில் வரலாம், எலும்பு, ஈரல், நுரையீரல் என்று தூரத்திலும் வரலாம். மார்பகப் புற்று எலும்பில் வந்தால் அது எலும்புப் புற்றுநோய் ஆகிவிடாது. மார்பகப் புற்றுநோயாகவே அதற்கு மருந்து கொடுப்பார்கள். இரண்டாவது தடவை என்றால் கை விரித்துவிட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள். சிலருக்கு முழுக் குணம் கிடைக்கிறது. பலருக்கு, சர்க்கரை நோயைப் போலப் பல வருஷம் கட்டுக்குள் வைத்து வாழ வழி இருக்கிறது. சிலருக்கு நோயைத் தடுக்க முடியாவிட்டாலும், வலியைத் தடுக்க முடிகிறது. நம்முடைய நோய் இந்த மூன்றில் எது என்று டாக்டரிடம் நேராகக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

முக்கியமான ஒன்று: கிறிஸ்தவருக்கும் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும், ஜெபிப்பவருக்கும் ஜெபிக்காதவருக்கும் அந்த ஒளிந்த அணு ஒரே மாதிரிதான் விழிக்கிறது. அது யாருடைய பக்தியையும் அளந்து பார்ப்பதில்லை.

லூர்து நகரம் சொல்லும் பாடம்

"விசுவாசத்தோடு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்" என்று நோயாளியின் கட்டிலருகே சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் நோயைவிடக் கொடியது. அவர் வாசலைத் தாண்டிப் போன பிறகு நோயாளி இரவெல்லாம் தூங்காமல் தன் பாவங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அப்படிச் சொல்பவர்கள் லூர்து நகரத்தின் கணக்கை அறிய வேண்டும். 1858ஆம் ஆண்டில் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமி அங்கே மாதாவின் காட்சியைக் கண்டதாகச் சொன்னாள். அன்றிலிருந்து இன்று வரை நோயாளிகள் இலட்சம் இலட்சமாக அங்கே போகிறார்கள். குணமானதாகச் சொல்லப்படுவதை ஆராய்வதற்கென்றே 1883 முதல் அங்கே மருத்துவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஆராய்ந்து, அற்புதம் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொண்டவை 2018 வரையில் எத்தனை தெரியுமா? 70 மட்டுமே! அற்புதத்துக்குப் பேர்போன இடத்தின் கணக்கே இது. அப்படியானால் மற்றவர்கள் எல்லோரும் விசுவாசம் இல்லாதவர்களா? வெறுங்கையோடு திரும்பினார்களா? இல்லை. பலர் மறுவருஷமும் போகிறார்கள். அங்கே சக்கர நாற்காலிகளுக்குத்தான் முதலிடம். நோயாளி ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லாத ஊர் அது. அவர்கள் பெற்றுத் திரும்புவது அந்த மரியாதையைத்தான்.

1992இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், லூர்து மாதா திருநாளான பிப்ரவரி 11ஆம் தேதியை உலக நோயாளர் தினமாக ஏற்படுத்தினார். அதன் பெயரைக் கவனியுங்கள். குணமடைந்தவர்களின் தினம் அல்ல, நோயாளர்களின் தினம்.

வேதாகமமும் இதைத்தான் காட்டுகிறது. உடம்பில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி அப்போஸ்தலர் பவுல் மூன்று தடவை கேட்டார், முள் எடுபடவில்லை. கெத்சமனே தோட்டத்தில் இயேசுவே அந்தப் பாத்திரம் தம்மை விட்டு நீங்கட்டும் என்று கேட்டார், அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அந்த இரவில் அவர் சீடர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கூட விழித்திருங்கள் என்று. அவர்களோ தூங்கிப் போனார்கள்.

யோபுவின் நண்பர்களையும் நினைத்துப் பாருங்கள். உடம்பெல்லாம் புண்ணாகச் சாம்பலில் உட்கார்ந்திருந்த நண்பனைப் பார்க்க வந்தவர்கள், ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய் என்று ஆரம்பித்தார்கள். கதையின் முடிவில் கடவுளின் கோபத்துக்கு ஆளானவர்கள் அவர்களே. புலம்பி அழுது கேள்வி கேட்ட யோபு அல்ல. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் இதை வாசலிலேயே ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது.

நோயோடு வாழ்ந்தவர்கள்

சிங்கப்பூரின் பொதுவாழ்விலிருந்தே சிலரைப் பார்ப்போம். அதிபர் ஓங் டெங் சியோங்குக்கு நிணநீர்ப் புற்றுநோய் இருப்பது 1992இல் தெரிந்தது. அடுத்த வருஷமே அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் அதிபரானார். 6 வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1999இல் நோய் கடுமையானது. அதே வருஷம் ஜூலையில் அவருடைய மனைவியும் புற்றுநோயால் காலமானார். 2002 பிப்ரவரியில் அவர் மறைந்தார். நோய் தெரிந்த பிறகு அவர் வாழ்ந்தது ஏறக்குறைய 10 வருஷம். அந்தப் பத்து வருஷத்தைக் காத்திருப்பு என்று சொல்ல முடியுமா? அது வாழ்வு!

நம் தமிழர்களில் டாக்டர் பாலாஜி சதாசிவன். மூளை அறுவை மருத்துவர். 2001இல் நாடாளுமன்றம் புகுந்தவர். சுகாதாரம், வெளியுறவு முதலிய துறைகளில் மூத்த துணை அமைச்சராக இருந்தவர். பெருங்குடல் புற்றுநோய் வந்த பிறகும் அவர் தம் பணியில் நீடித்தார். 2010 செப்டம்பர் 27ஆம் தேதி தமது 55ஆவது வயதில் காலமானபோதும் அவர் மூத்த துணை அமைச்சர்தான்.

கிறிஸ்தவ விசுவாசத்தோடு இந்த நோயை எதிர்கொண்டு, அதை ஊரறியச் சொன்னவர் டாக்டர் ரிச்சர்ட் டியோ. அழகுச் சிகிச்சையில் கை நிறையச் சம்பாதித்தவர். விலையுயர்ந்த காரில் பிரியமுள்ளவர். 2011இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பது தெரிந்தது. 2012 ஜனவரியில் பல் மருத்துவ மாணவர்கள் முன்னால் வந்து தம் கதையைச் சொன்னார். சேர்த்த பொருள் எதுவும் அந்த நாட்களில் தமக்கு ஆறுதல் தரவில்லை என்றும், அன்பாய் இருந்த மனிதர்களும் தாம் திரும்பிச் சேர்ந்த விசுவாசமுமே தாங்கின என்றும் அவர் பேசியது உலகமெங்கும் பரவியது. அந்த வருஷம் அக்டோபரில் அவர் இறந்தார். அவருடைய ஜெபம் தோற்றது என்று சிலர் கணக்குப் போடலாம். ஆனால் அவரே அப்படிக் கணக்குப் போடவில்லை. அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

வீட்டார் செய்ய வேண்டியது

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர் என்று நான்கு கால்களில் நிற்பதே வைத்தியம் என வள்ளுவர் வகுத்திருக்கிறார். நான்காவது காலான நம்மைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

முதலாவது, மறைக்காதீர்கள். "அம்மாவிடம் சொல்லாதீர்கள் டாக்டர், தாங்க மாட்டார்" என்று மகன் கெஞ்சுவது நம் வழக்கம். அம்மாவுக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. தன் உடம்பு சொல்கிறது. பிள்ளைகளின் முகம் சொல்கிறது. பிறகு பிள்ளைகளுக்காக அம்மா தெரியாததுபோல நடிக்கிறார், அம்மாவுக்காகப் பிள்ளைகள் நடிக்கிறார்கள். ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியே அழுகிறார்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியையே கேளுங்கள். அவர் கேட்கும் அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பயப்பட இடம் கொடுங்கள். "அழாதீங்க, ஜெபம் பண்ணுங்க" என்று வாயை அடைக்கக் கூடாது. ஜெபத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் அவரைப் பேச விடுங்கள். "எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது" என்று ஒரு விசுவாசி சொன்னால் அது பாவமல்ல. அப்படிச் சொல்ல ஒருவர் கிடைத்தாரே என்பதே பாக்கியம். சில நாட்களில் ஜெபிக்கவும் அவருக்கு மனம் வராது. அன்று அவருக்காக நீங்கள் ஜெபியுங்கள். அதற்குத்தானே குடும்பம், அதற்குத்தானே சபை!

மூன்றாவது, வேலையைப் பங்கிடுங்கள். ஒரே மகளோ மருமகளோ ஆஸ்பத்திரிக்கும் சமையலுக்கும் இரவுக் காவலுக்கும் ஓடி ஓடித் தேய்ந்துபோகக் கூடாது. சபையார் "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பதைவிட, "செவ்வாய்க்கிழமை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்", "வெள்ளிக்கிழமை சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து" என்று நாள் குறித்துச் சொல்லட்டும். ஆண்களும் இதில் சேர வேண்டும். கஞ்சி காய்ச்சுவதும் துணி துவைப்பதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. சிறு பிள்ளைகளுக்கும் அவர்கள் வயதுக்கேற்றபடி சொல்லுங்கள். இது தொற்றாது, பாட்டியைக் கட்டிக்கொள்ளலாம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

நான்காவது, மருந்து விஷயத்தில் கவனம். கீமோ எடுத்துக்கொள்பவருக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் அந்த வேளையில் சில மணி நேரமே உயிரைத் தீர்மானித்துவிடும். ஊரிலிருந்து வரும் பொடி, லேகியம், கஷாயம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டிய பிறகே கொடுங்கள். ஜெபக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் அல்ல. சுவிசேஷம் எழுதிய லூக்காவே ஒரு வைத்தியர் அல்லவா?

ஐந்தாவது, வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மார்பின் என்றதும் "அது போதை மருந்தாயிற்றே, கடைசிக் கட்டமா?" என்று பதறுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே புற்றுநோய் வலிக்கு அதைப் படிப்படியாகக் கொடுக்கும் முறையை வகுத்துத் தந்தது. டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகக் கொடுத்தால் மனிதர் அடிமையாகிவிடுவார் என்ற பயம் வேண்டாம். மலச்சிக்கல் வரும்; அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். வலி குறைந்தால்தான் மனிதர் பேசுவார், சாப்பிடுவார், ஜெபிப்பார்.

பணத்தைப் பற்றி

திரும்பி வந்த நோய் சேமிப்பையும் தின்னும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2015 நவம்பர் 1 முதல் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி உண்டு. ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும் அது ஒதுக்குவதில்லை. 1984இல் தொடங்கிய மெடிசேவ் கணக்கும், கையில் ஒன்றும் இல்லாதவர்களுக்காக 1993இல் ஏற்பட்ட மெடிஃபண்ட் நிதியும் இருக்கின்றன. 2022 செப்டம்பர் முதல் புற்றுநோய் மருந்துகளுக்கென்று ஒரு பட்டியல் வகுத்து, அதிலுள்ள மருந்துகளுக்கே மெடிஷீல்டு லைஃப் பணம் தருகிறது. ஆகவே புதிய மருந்து தொடங்கும் முன், "இது பட்டியலில் உள்ளதா?" என்று கேட்டுவிடுங்கள். வேலை அனுமதியில் வந்திருக்கும் தம்பிமார்களுக்கு இவை கிடையாது. முதலாளி எடுத்திருக்கும் மருத்துவக் காப்புறுதியைத்தான் கேட்க வேண்டும். யாரானாலும், வீட்டை விற்கவோ வட்டிக்கு வாங்கவோ எண்ணுவதற்கு முன், மருத்துவமனையிலுள்ள மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள். அது பிச்சை கேட்பதல்ல; அதற்கென்றே அவரை அங்கே நியமித்திருக்கிறார்கள். 1964இல் தொடங்கிய சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கத்தின் கதவையும் தட்டலாம்.

கடைசி நாட்கள் வந்தால்

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானது ஆகாது. சிலருக்கு, இனி நோயைத் துரத்த வேண்டாம், நிம்மதியைத் தேடுவோம் என்ற வேளை வருகிறது. அப்போது அந்திமகாலப் பராமரிப்பு என்று ஒன்று உண்டு. அதைச் சாவு வீடு என்று நினைப்பது தவறு.

அதன் தாய் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. தாதியாக இருந்து, பிறகு மருத்துவமனைச் சமூகப் பணி செய்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. 1948இல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் தஸ்மா என்ற போலந்து யூதருக்கு அவர் துணையாயிருந்தார். அந்த மனிதர் தாம் வைத்திருந்த 500 பவுனை அவருக்கு எழுதி வைத்து, நீ கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போனார். 19 வருஷம் கழித்து, 1967இல், செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறந்தது. உடம்பு வலியோடு மன வலி, குடும்ப வலி, ஆத்தும வலி எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் வலி என்று உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். 2005இல் அவரும் புற்றுநோயாலேயே, தாம் கட்டிய அதே இல்லத்தில் கண்மூடினார்.

சிங்கப்பூரில் 1969இல் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரீகள் தாம்சன் ரோட்டில் அசிசி இல்லத்தைத் தொடங்கினார்கள். 1985இல் கனோசியன் கன்னியாஸ்திரீகள் நடத்தும் செயின்ட் ஜோசப் இல்லம் மரணத் தறுவாயில் உள்ளவர்களுக்கென்று 16 படுக்கைகளை ஒதுக்கியது. 1989இல் தோன்றிய எச்சிஏ அமைப்பின் டாக்டர்களும் தாதியரும் நோயாளியின் வீட்டுக்கே வந்து, கட்டணமின்றிக் கவனிக்கிறார்கள். மலேசியாவில் 1991 முதல் ஹோஸ்பிஸ் மலேசியா, கோலாலம்பூர் வட்டாரத்தில் வீடு தேடி வந்து பார்க்கிறது. இவர்களெல்லாம் எந்த மதத்தவரையும் கவனிக்கிறார்கள். நன்றாகப் பேச முடிகிற நாளிலேயே, எங்கே இருக்க விருப்பம், என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளியிடம் கேட்டு எழுதி வைத்துவிட்டால், பிறகு பிள்ளைகள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொள்ள நேராது.

வாசகர்களே, கிறிஸ்தவக் குடும்பத்தை வைத்து எழுதினாலும் இது எல்லோருக்கும் பொருந்தும். வீரமாகாளியம்மன் சந்நிதியில் நிற்பவருக்கும் அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் தொழுபவருக்கும் இதே கேள்விதான் எழுகிறது: 'நான் என்ன குறை வைத்தேன்?' அவர்களிடமும் சொல்லுங்கள்: ஒரு குறையும் வைக்கவில்லை என்று.

ஒருதரம் சாட்சி சொன்னவர் நோய் திரும்பியதும் ஆலயத்துக்கு வர வெட்கப்பட்டால், அந்த வெட்கம் அவருடையதல்ல, அவருக்கு அருகில் இடம் விடாத நம்முடையது. அவர் சொன்ன சாட்சி பொய்யாகிவிடவில்லை. அன்று பெற்றதற்கு அன்று நன்றி சொன்னார். இன்று படும் வேதனையை இன்று சொல்லட்டும், அதுவும் சாட்சிதான்.

உங்கள் தெருவில், உங்கள் சபையில், உங்கள் அடுக்குமாடியில் அப்படி ஒருவர் இருப்பார். இந்த வாரம் ஒரு நாள் போய்ப் பாருங்கள். கையில் பழமோ மைலோவோ எடுத்துப் போங்கள். புத்திமதியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பேசாமல் இருங்கள். கிளம்பும்போது, அடுத்து எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன கிழமையில் மறக்காமல் போங்கள்.